தட்டில் எழுதாத பெயர்கள்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளை அடுக்குவது வழக்கம். யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அவருக்கு அந்த வழக்கம் பிடிக்காது என்பது பழகியவர்களுக்குத் தெரியும். "என்னைப் பத்திப் பேசாதீங்க, வேலையப் பத்திப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அதனால் நான் வேலையைப் பற்றிப் பேசுகிறேன். கடந்த சில ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை, பழைய இசைத்தட்டுகளைக் கழுவி, ஓடவிட்டு, அவற்றின் ஒலியைக் கணினியில் ஏற்றிப் பிறருக்குக் கொடுப்பது.

பொருள் என்ன என்று கேட்ட தோழர்களிடம் இதைச் சொன்னபோது தொலைபேசியில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஒருவர் தயங்கிக்கொண்டே கேட்டார்: "கர்நாடக சங்கீதமா, அண்ணே?" அந்தத் தயக்கம் நியாயமானது. நம்மை வாசலில் நிறுத்திவைத்த இசை அது. அதை நாம் ஏன் தூசி தட்ட வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்றைய என் பேச்சு.

1. பெட்டி

என் தாத்தா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் அங்கே போன நம் மக்களில் ஒருவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் வேரூன்றிய இடமும் அதுதான். பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்ட சித்தார்த்த புத்தகசாலை அங்கேதான் இருந்தது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் போன ஊர். ஆனால் தாத்தா பிறந்த சேரிக்கு மின்சாரம் வந்தது, அவர் வேலையை விட்டுத் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து.

திரும்பி வரும்போது அவர் கொண்டு வந்தவை ஒரு படுக்கைச் சுருட்டு, ஒரு தகரப் பெட்டி, நாய்ப் படம் போட்ட ஒரு கிராமபோன். யாரோ பயன்படுத்திய பழைய பெட்டியைத் தவணையில் வாங்கியிருக்கிறார். கையால் சாவி கொடுத்து ஓடுவது. இதை நாம் கவனிக்க வேண்டும். ரேடியோவுக்கு மின்சாரமோ பேட்டரியோ வேண்டும், கிராமபோனுக்கு ஒரு கை போதும். விளக்கு வராத தெருவுக்கும் பாட்டு வந்தது அப்படித்தான். சபாவுக்குள் நம்மை விடமாட்டார்கள், கோயில் கச்சேரியில் நாம் மதிலுக்கு வெளியே நிற்க வேண்டும். இசைத்தட்டை விற்பவன் மட்டும் காசைப் பார்த்தான். சந்தை சாதியை ஒழிக்காது என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்று நிமிடத்துக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டது.

கதவு திறந்ததை ஊர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சாமி ஊர்வலம் போகும் நேரத்தில் சேரியில் பாட்டுப் பெட்டி வைக்கக் கூடாது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்களாம். தாத்தா சண்டைக்குப் போகவில்லை, பெட்டியை மூடி வைக்கவும் இல்லை. ஒலி வரும் வாயில் பழைய வேட்டியைச் சுருட்டி அடைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் கேட்டிருக்கிறார். என் அப்பா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அப்பா இறந்த பிறகு அந்தத் தகரப் பெட்டி என்னிடம் வந்தது. உள்ளே 37 தட்டுகள். அவற்றில் 6 விரிசல் விட்டவை. பெட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்புக் கட்டியால் தாத்தா தன் பெயரை எழுதியிருந்தார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

2. பெயர் சொன்ன பெண்கள்

இசைத்தட்டின் வரலாறும் ஒரு பெயரிலிருந்துதான் தொடங்குகிறது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பதிவைத் தொடங்கினார். பாடியவர்களில் முக்கியமானவர் கௌஹர் ஜான். அப்போது தட்டு அச்சிடும் ஆலை இங்கே கிடையாது. பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவனுக்கு எது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காகப் பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்லிவிடுவார். கௌஹர் ஜானின் தட்டுகளில் இன்றும் அந்தக் குரலைக் கேட்கலாம். பாட்டு முடிகிறது, ஒரு பெண் நிமிர்ந்த குரலில் தான் இன்னார் என்று அறிவிக்கிறாள்.

தெற்கே சில ஆண்டுகளில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் பதிவுக் குழாயின் முன் வந்தார்கள். இவர்கள் தேவதாசி மரபிலிருந்து வந்த பெண்கள். மேல்சாதி வித்வான்கள் பலருக்குத் தயக்கம் இருந்தது. தட்டாகிவிட்டால் தங்கள் பாட்டு யார் வீட்டிலும், எந்தக் கடையிலும் ஒலிக்குமே! கேட்பவனின் சாதியைத் தட்டு கேட்காது என்பதை அவர்கள் நம்மைவிடச் சீக்கிரமாகவே புரிந்துகொண்டார்கள்.

அந்தப் பெண்களின் குரல் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு சான்று. மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டில் மனம் பறிகொடுத்து, அதன் அடிப்படையில் 'ராகமாலிகா' என்ற, குரலுக்கும் பியானோவுக்குமான இசையை எழுதினார். பாரிஸில் இப்படி. இங்கே என்ன நடந்தது? 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. செவ்வியல் என்பதற்கு இலக்கணம் எழுதப்பட்டது. குடும்பப் பெண்கள் மேடைக்கும் தட்டுக்கும் வரத் தொடங்கியபோது, முன்பு பாடியவர்களின் பெயர்கள் ஓரமாக நகர்ந்தன. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் நாகரத்தினம்மாள். அங்கேயே பெண்கள் பாடுவதற்கு அவர் போராட வேண்டியிருந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது சரிதான். எங்கள் பக்கத்தில் மாத்தம்மாவாக நேர்ந்துவிடப்பட்டவர்கள் நம் வீட்டுப் பெண் குழந்தைகள். அந்த வலி தெரிந்தவன் பழைய முறையை நினைத்து ஏங்க மாட்டான். ஆனால் முறையை ஒழிப்பது வேறு. அந்தப் பெண்களின் கலையை எடுத்துக்கொண்டு அவர்களின் பெயரை அழிப்பது வேறு. இரண்டாவது வேலைதான் இங்கே திருத்தமாக நடந்தது. இன்று பழைய தட்டுகளை மீட்கும்போது அந்தப் பெயர்களும் மீள்கின்றன. இந்த வேலை நமக்கானதும்தான் என்று நான் சொல்வதற்கு இது முதல் காரணம்.

3. அரக்கு

இரண்டாவது காரணம் தட்டின் உடம்பிலேயே இருக்கிறது.

நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளை 'வினைல்' என்று பலர் சொல்கிறார்கள். வினைல், 1948-இல் அமெரிக்காவில் வந்த நெடுந்தட்டுக்கு உரியது. அது வளையும். அதற்கு முந்தைய தட்டு வளையாது, கீழே விழுந்தால் உடையும். காரணம், அது அரக்கு. அரக்கோடு கல்மாவையும் கரித்தூளையும் பஞ்சு இழையையும் சேர்த்துச் சூடாக்கி அச்சில் அழுத்தினால் தட்டு. கல்மாவு எதற்கு? இரும்பு ஊசி தட்டை அறுக்காமல், தட்டு ஊசியைத் தேய்ப்பதற்கு. அதனால்தான் பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்றச் சொன்னார்கள்.

அரக்கு எங்கிருந்து வந்தது? புரசு, இலந்தை, பூவம் போன்ற மரக் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரப்பது. சோட்டா நாக்பூர் காடுகளில் முண்டா, ஒராவோன் பழங்குடி மக்கள் அந்தக் கிளைகளை வெட்டி, சுரண்டி, சந்தையில் விற்றார்கள். உலகத்தின் அரக்கில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போனது. ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்குமில் 1924-இலேயே அரக்குக்கென்று ஓர் ஆய்வு நிலையம் வைக்கும் அளவுக்கு அது பெரிய வணிகம். 1942-இல் போரின்போது அரக்கு வரத்து நெருக்கடியானதும் அமெரிக்க அரசு இசைத்தட்டு உற்பத்திக்குத் தரும் அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. இங்கே காட்டில் ஒரு பெண்ணின் கை நின்றால் அங்கே நியூயார்க்கில் பாட்டு நின்றுவிடும். உலகத்தின் எந்த மொழியில், எந்த மாபெரும் கலைஞர் பாடிய 78 தட்டானாலும் அதில் ஓர் ஆதிவாசியின் உழைப்பு கலந்திருக்கக்கூடும். எந்தத் தட்டின் காகித வட்டத்திலும் அது அச்சாகவில்லை.

அரக்கு என்றதும் மகாபாரதத்து அரக்கு மாளிகை நினைவுக்கு வரும். பாண்டவர்கள் தப்பித்தது எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு அங்கே உறங்கி எரிந்துபோன நிஷாதப் பெண்ணும் அவள் ஐந்து பிள்ளைகளும்? காவியம் அவர்களுக்குப் பெயர் வைக்கவில்லை. அவர்களுடைய எலும்புகள், பாண்டவர் இறந்துவிட்டார்கள் என்று ஊரை நம்பவைக்க மட்டும் பயன்பட்டன.

4. தேய்ந்த பக்கம்

தாத்தாவின் 37 தட்டுகளில் ஒன்றை நான் தனியாக வைத்திருக்கிறேன். அதன் ஒரு பக்கத்தில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. அந்தப் பக்கம் சாம்பல் நிறமாகத் தேய்ந்துபோயிருக்கிறது. மறுபக்கம் புதிது போலப் பளபளக்கிறது. தாத்தா எதைத் திரும்பத் திரும்பக் கேட்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஊசி வாங்கக் காசில்லாதபோது பழைய ஊசியையே கல்லில் தீட்டிப் போடுவாராம். அந்தக் கீறல்களும் இருக்கின்றன.

நந்தனின் கதையைப் பெரியபுராணம் சுருக்கமாகச் சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதில் ஒரு வேதியர் பண்ணையாரைப் படைத்து, நந்தனின் ஏக்கத்தைக் கீர்த்தனைகளாக்கினார். கிராமபோன் காலத்தில் அந்தப் பாட்டுகளுக்குப் பெரிய வரவேற்பு இருந்தது. 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். அவருக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் என்பது அன்று நாடெங்கும் பேச்சு. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942-இல் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் பாடி நடித்தார்.

இந்த ஆண்டுகளோடு வேறு சில ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நம் பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியது 1916. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் 1947. நந்தன் உள்ளே போகத் துடிக்கும் பாட்டு அக்கிரகாரத்து வீடுகளுக்குள் நுழைந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் நந்தனின் மக்கள் கோயிலுக்குள் நுழைய முடிந்தது. அந்தப் பாட்டுக்குக் கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் தங்கள் பண்ணையாளை நினைத்துப் பார்த்தார்கள்?

என் பாட்டிக்கு அந்தத் தட்டு ஆகாது. தாத்தா அதைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவாளாம். நான் சிறுவனாக இருந்தபோது அவளிடமே கேட்டிருக்கிறேன். "தீயில போனவன் திரும்பி வந்தானாடா? வந்தா சொல்லு, நானும் உக்காந்து கேக்கறேன்" என்றாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. நந்தனாரைப் பற்றி நான் படித்த ஆய்வுகள் எதுவும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவில்லை.

தாத்தா எதைக் கேட்டார்? அவமானத்தையா? இல்லை என்று நினைக்கிறேன். நாள் முழுவதும் பூமிக்கு அடியில் கிடந்தவருக்கு அந்த ராகம் தேவைப்பட்டது. அழகைத் தேடுவது அடிமைத்தனம் ஆகாது. அண்ணல் அம்பேத்கர் தம் கடைசிக் காலத்தில் வயலின் கற்றுக்கொண்டவர். பாட்டி கேட்டது நியாயம், தாத்தா கேட்டதும் நியாயம். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தன. நம் மக்களின் இசை வரலாற்றை எழுதுபவர் இந்த இரண்டையும் எழுத வேண்டும்.

இங்கே ஆவணக் காப்பகங்களைப் பற்றி ஒரு சொல். ஒரே தட்டின் பல பிரதிகள் கிடைத்தால் தேயாத பிரதியை எடுத்துக்கொண்டு தேய்ந்ததை ஒதுக்குவது இந்தத் துறையின் வழக்கம். ஒலிக்கு அது சரி. ஆனால் தேயாத பிரதி யாரிடமிருந்து வரும்? நூற்றுக்கணக்கில் தட்டுகள் வைத்திருந்தவர், ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட்டவர் வீட்டிலிருந்து. பத்துத் தட்டை வைத்துக்கொண்டு பத்து வருடம் கேட்டவன் பிரதி கழிக்கப்படும். பாடியவரின் வரலாறு தேயாத பள்ளத்தில் இருக்கிறது என்றால், கேட்டவரின் வரலாறு தேய்ந்த பள்ளத்தில் இருக்கிறது. அதனால் தாத்தாவின் பிரதியை நான் கழிக்கவில்லை. நல்ல பிரதியின் ஒலியோடு அதன் ஒலியையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

5. சுத்தம் செய்வது

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சென்னையில் வாழும் ஒரு சேகரிப்பாளர். முதல் நாள் தட்டுகளைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல எப்படி இதெல்லாம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பதில் சொல்லாமல் தாத்தாவின் பெட்டியைத் திருப்பி, உள்ளே எழுதியிருந்த பெயரைக் காட்டினேன். அவர் சிறிது நேரம் அதையே பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகள், தனக்குத் தெரிந்த எதையும் என்னிடம் அவர் மறைத்ததில்லை. இரண்டையும் சொல்வதுதான் நேர்மை.

கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் தட்டு இருக்கலாம். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. மரச் சாமானுக்குப் பாலிஷ் போடுபவர்கள் அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில்தான். பட்டால் பாட்டு கரைந்துபோகும். காய்ச்சி வடித்த நீரில் மிக இலேசான சோப்புக் கரைசல், மென்மையான தூரிகை, காகித வட்டம் நனையாமல் பள்ளத்தின் போக்கில் துடைத்தல், நிழலில் உலர்த்தல். அவ்வளவுதான். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும்.

நெடுந்தட்டுக்கான ஊசி பழைய தட்டுக்கு உதவாது. பழைய பள்ளம் அதைப் போல மூன்று, நான்கு மடங்கு அகலம். மெல்லிய ஊசி அடியில் போய் அழுக்கைத்தான் படிக்கும். அடுத்தது வேகம். 78 என்று சொன்னாலும் தொடக்க காலப் பதிவுகள் அந்த வேகத்தில்தான் எடுக்கப்பட்டன என்பதற்கு உறுதியில்லை. 74-இல் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். ஒரு பெண்ணின் குரல் இயல்பை மீறிக் கீச்சென்று ஒலிக்கும். அந்தக் காலத்துப் பாடகிகள் எல்லோரும் கீச்சுக்குரலில் பாடினார்கள் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு இந்தப் பிழையால் வந்தது. கலைஞரைக் குறைசொல்லும் முன் நம் இயந்திரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

கடைசியாகக் கணினி. சொடுக்குச் சத்தத்தையும் இரைச்சலையும் நீக்க மென்பொருள் இருக்கிறது. இங்கேதான் கை நடுங்க வேண்டும். இரைச்சல் எது, இசை எது என்று மென்பொருளுக்குத் தெரியாது, நாம்தான் சொல்கிறோம். சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே சந்தேகப்பட வேண்டிய சமூகம் நாம். எதைத் தீட்டு என்று கழிப்பது, யார் அதை முடிவு செய்வது? அளவு மீறி வடிகட்டினால் இரைச்சலோடு கமகத்தின் நுனியும் பாடகியின் மூச்சும் போய்விடும். நான் ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு கோப்புகள் வைக்கிறேன். ஒன்று, ஊசி படித்ததை அப்படியே, எதையும் தொடாமல். மற்றது, கேட்பதற்காகத் துடைத்தது. நாளை என்னைவிட நன்றாகக் கேட்கத் தெரிந்தவர் வந்தால் அவருக்கு முதல் கோப்பு வேண்டும்.

6. தொப்பியின் ஓசை

மென்பொருளில் ஒரு வடிகட்டி இருக்கிறது. மேசை அதிர்வு, மோட்டார் உறுமல் போன்ற அடித்தள ஓசைகளை மொத்தமாக வெட்டிவிடும். தொடக்கத்தில் நானும் அதைப் போட்டேன். 1930-களின் கச்சேரிப் பாட்டு ஒன்று பளிச்சென்று வந்தது. சேகரிப்பாளர் கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "தொப்பி எங்கே?"

மிருதங்கத்தின் இடப்பக்கம் தொப்பி. கச்சேரிக்கு முன் அதில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள், அந்த ஈரத்தில்தான் 'கும்' என்ற ஓசை பிறக்கும். அந்த ஓசையையும் உறுமல் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டி அறுத்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்று உங்களுக்குப் புரியும். மிருதங்கத்தில் மாடு, ஆடு, எருமை என மூன்றின் தோலும் சேர்கிறது. தோலைத் தேர்ந்து, பதம் செய்து, வெட்டி, வாரிழுத்து, சோற்றோடு கல்மாவைக் குழைத்துக் கரணை இடுபவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். தஞ்சை மரபில் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதம் என்று உலகம் கொண்டாடுகிறது. அந்த நாதத்துக்காக அவரோடு உழைத்தவர் பர்லாந்து. இவர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலாக 2020-இல் எழுதினார். சென்னையில் அதன் வெளியீட்டுக்கு முதலில் ஒப்புக்கொண்ட அரங்கம் பின்வாங்கியது. வேறிடத்தில் நூல் வெளியானது.

தொடக்க காலத்தில் மின் ஒலிவாங்கி இல்லாதபோது பாடுபவர் ஒரு குழாய்க்குள் பாட வேண்டும். பலமான தாள ஓசை பதிவு ஊசியைத் துள்ளவைக்கும் என்பதால் தாளக்காரரைத் தள்ளி உட்காரவைப்பார்கள். 1920-களின் பிற்பாதியில் ஒலிவாங்கி வந்த பிறகுதான் மிருதங்கம் ஓரளவு கேட்டது. வாசித்தவர் பெயர் தட்டில் எப்போதாவது வரும். செய்தவர் பெயர் வந்ததேயில்லை. பறையோ, என் கைக்கு வந்த சாஸ்திரிய இசைத்தட்டுகள் ஒன்றிலும் இல்லை. தோல் செவ்வியலானது, தோலைத் தொட்ட கை தீட்டானது. இத்தனை தணிக்கைகளையும் தாண்டி அரக்கின் பள்ளத்தில் மிஞ்சியிருந்த அந்தக் 'கும்' ஓசையை, 90 ஆண்டுகள் கழித்து, சுத்தம் செய்கிறேன் என்ற பெயரில் நானே துடைத்தெறிந்திருக்கிறேன்.

மறுநாள் வடிகட்டியை எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். உறுமல் கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும். தொப்பி கேட்கிறது.

7. பகிர்வது

மீட்டதை யாருக்குக் கொடுப்பது? பூட்டி வைத்தால் அது இன்னொரு கருவறை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அதைக் கடந்த பதிவு மக்களின் சொத்து. ஆனால் பாட்டை எழுதியவரின் உரிமை தனி. அது அவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீளும். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், சிக்கல் இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். பழைய தட்டாக இருந்தாலும் அவர் பாட்டுக்கு 2033 வரை உரிமை உண்டு. இதை அறிந்து செய்தால் யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மும்பையில் இசைத்தட்டு சேகரிப்பாளர்கள் 1990-லேயே சங்கம் அமைத்து வேலை செய்தார்கள். குருகிராமில் உள்ள அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசை ஆவணக் காப்பகம் 1982-இல் தொடங்கப்பட்டது. அவர்களிடம் கற்க நமக்கு நிறைய இருக்கிறது.

அதோடு நாம் சேர்க்க வேண்டியதும் இருக்கிறது. நான் கொடுக்கும் ஒவ்வொரு கோப்போடும் ஒரு குறிப்பு போகும். தட்டின் எண், கம்பெனி, பாடியவர், தெரிந்தவரை பக்கவாத்தியம் வாசித்தவர்கள், எந்த வேகத்தில் ஓட்டினேன், எதை நீக்கினேன். அதன் கீழே இன்னும் இரண்டு வரிகள். இந்தத் தட்டு யார் வீட்டில் இருந்தது, அவர் என்ன வேலை செய்தார். இந்த இரண்டு வரிகளை எழுத யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சமூகவியல் வகுப்பில் கற்றதும் இல்லை. தகரப் பெட்டியின் உள்ளே சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய பெயரிலிருந்து வந்தவை.

8. நம் ஒலிநாடாக்கள்

முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள்.

அரக்குத் தட்டு உடையாமல் இருந்தால் இன்னும் நூறாண்டு பாடும். அவசரம் அங்கே இல்லை. 1991-இல் அண்ணலின் நூற்றாண்டை ஒட்டி எழுந்த அலையில், ஊர் ஊராக நாம் பாடினோம், பறை அடித்தோம், டேப் ரெக்கார்டரில் பதிந்தோம். இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய பாட்டைக் கேட்டு இயக்கத்துக்கு வந்தவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேர் இருப்பீர்கள். அந்த மேடைகளின் ஒலிநாடாக்கள் எங்கே? பீரோவுக்கு மேலே, மூட்டைக்குள்ளே. காந்த நாடாவில் பூஞ்சை பிடிக்கும், பூச்சு உதிரும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 1904-இல் பதிந்த தட்டு பிழைத்துவிட்டது. 1994-இல் நம் தெருவில் பதிந்த நாடா செத்துக்கொண்டிருக்கிறது. தட்டுக்குப் பின்னால் ஒரு கம்பெனி இருந்தது, பட்டியல் இருந்தது, சேகரிப்பாளர்கள் இருந்தார்கள். நம் நாடாவுக்குப் பின்னால் நாம் மட்டும்தான்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டு நாடாக்களை எடுத்து வாருங்கள். வேகமாகச் சுற்றிப் பார்க்காதீர்கள், அறுந்துவிடும். வெயிலில் காயவைக்காதீர்கள். அட்டையில் ஒரு தாள் செருகி, யார் பாடியது, யார் பறை அடித்தது, அந்தப் பறையை யார் கட்டியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.

இன்று நாம் நினைவுகூரும் தோழர் பாடிய நாடா ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் ஒலியைச் சென்ற மாதம்தான் கணினியில் ஏற்றினேன். பாட்டு முடிகிறது. பதிவை நிறுத்த யாரோ தாமதம் செய்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஒரு சிறுவனின் குரல் கேட்கிறது: "பறை அடிச்சது யாருண்ணே?" தோழர் ஒவ்வொரு பெயராகச் சொல்கிறார். ஐந்து பெயர்கள். பிறகு நாடா நிற்கிறது.

அந்த இடைவெளியை நான் வெட்டவில்லை.

ஜெய்பீம்.